கேமராப் பட்டைக்கு அடியில்

“இது எவ்வளவு நாளா இருக்கு?”

வேலூரில் ஒரு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில், என் வலது முன்கையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர் கேட்ட கேள்வி இது. நான் “மூணு மாசம்” என்றேன். உடனே “இல்ல டாக்டர், அதுக்கு மேல இருக்கும்” என்றேன். பிறகு கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தும் அன்று சொல்ல முடியவில்லை. இன்றும் முடியவில்லை. பண்டிகைகளையும் மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களையும் அடையாளம் வைத்து எத்தனையோ முறை பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிட்டேன். அந்த இடம் என் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது. அதன்மேல் ஒரு தோல் பட்டை இருந்தது. என் இரண்டு விரல்களின் கதி அந்தப் பதிலில்தான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கும் யாராவது இப்போது அப்படி ஒரு வராந்தாவில், கையில் சீட்டோடு, கூப்பிடுவதற்காகக் காத்திருக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன். என் பெயரை எழுதவில்லை. மகளின் பெயரையும் எழுதவில்லை. அவளைப் பாப்பா என்றே சொல்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நாங்கள் இருப்பது ஆம்பூரில். கணவர் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் (புது மாடலை முதன்முதலாக வெட்டித் தைத்துப் பார்க்கும் பிரிவு) வேலை செய்கிறார். நான் பி.காம். படித்தவள். வேறொரு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். பாப்பா பிறந்ததும் நின்றுவிட்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்குப் பயம் அதிகமானது. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்து படுத்ததும், சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி எழுந்து போவேன். கணவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் ஓடும் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். கொஞ்ச நேரம் வேறு எதையாவது பார்த்தால் நல்லது என்று நினைத்திருப்பார்.

குழுவை நடத்துபவர் இம்தியாஸ் பாய். தோல் வியாபாரி. ஐம்பதைத் தாண்டியும் எங்கள் எல்லோரையும்விட வேகமாக மலை ஏறுவார். நாயக்கனேரி மலைச்சரிவு, பேரணாம்பட்டுப் பக்கத்துக் காட்டோரம், சில வாரங்கள் கணியம்பாடியைத் தாண்டி என்று ஒவ்வொரு ஞாயிறும் ஓர் இடம். எல்லா இடத்திலும் நான்தான் கடைசி.

கடைசியில் வருகிறவள் சும்மா வர வேண்டாம் என்று கணவர் ஒரு கேமராவைக் கொடுத்தார். கம்பெனியில் ஷூக்களைப் படம் எடுக்க வைத்திருந்தது. புதிது வந்ததும் பழையதை விற்றார்கள். அதை வாங்கி வந்திருந்தார். முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் பின்னால் ஓடி, பின்னாலிருந்தே எடுத்தேன். ஒருநாள் டீ குடிக்கும்போது இம்தியாஸ் பாய் கேட்டார்.

“சிஸ்டர், எங்க மூஞ்சிய எப்பதான் எடுப்பீங்க? வீட்ல காட்னா, இது யாரு முதுகுன்னு கேக்கறாங்க.”

அதன்பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பாதை வளைந்து வளைந்து ஏறும் இடங்களில், வளைவைச் சுற்றாமல் ஆடுகள் ஏறும் குறுக்குத் தடத்தில் ஏறிவிடுவேன். மேலே போய்த் திரும்பி நின்றால் எல்லோரும் முகத்தைக் காட்டிக்கொண்டு வருவார்கள். எடுப்பேன். அவர்கள் என்னைக் கடந்து போவார்கள். அடுத்த வளைவில் மறுபடியும் அப்படியே. இளைப்பில் வாய் பிளந்தபடி, உண்ணிச்செடிப் புதர்களுக்கு நடுவிலிருந்து ஒரு முகம் வெளியே வரும் அந்த நொடிக்காகக் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருப்பேன். அப்போது மட்டும் எனக்குப் பயம் இருக்காது. பாப்பா எழுந்தாளா, அழுதாளா என்ற நினைப்புகூட வராது. ஏன் வரவில்லை என்று இறங்கும்போது என்னையே திட்டிக்கொள்வேன்.

கேமராவைக் கழுத்தில் மாட்டினால் ஓடும்போது நெஞ்சில் இடித்தது. கையில் பிடித்தால் விரல்கள் வலித்தன. கணவர் ஒரு வாரம் யோசித்து ஒரு பட்டை தைத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை முன்கையைச் சுற்றிவரும் தோல் பட்டை. இரண்டு பக்கிள். உள்ளங்கைப் பக்கம் ஒரு சின்ன வாரில் கேமரா தொங்கும். எடை விரலுக்குப் போகாமல் முன்கைக்குப் போகும். என் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, ஷூவுக்குப் பார்ப்பதுபோல் போட்டுப் போட்டுப் பார்த்துத் தைத்தது. குழுவில் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

ஒரு கோடைக்காலக் காலையில் ஓட்டம் முடிந்து, பட்டையைக் கழற்றிவிட்டு, மண் படிந்த பாறையில் முன்கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்தபோது வியர்வை ஈரத்தில் கை முழுக்கச் செம்மண் ஒட்டியிருந்தது. பட்டை இருந்த இடத்தின் உள்பக்கம், ஒரு பெரிய ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் மண் ஒட்டவில்லை. அந்த இடம் உலர்ந்து, சுத்தமாக இருந்தது.

என்னை அழைத்துப்போக வந்த கணவர் அதைப் பார்த்தார். “பாத்தியா, லைனிங் எப்டி வேர்வைய இழுத்துக்கிச்சு” என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அது முதல் அறிகுறி. என் கண்ணில் பட்ட முதல் அறிகுறி என்று சொல்வதுதான் சரி. அந்த இடத்தில் வியர்வையே சுரக்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் அந்த இடம் வெளுத்திருப்பதைக் குளிக்கும்போது பார்த்தேன். தேமல்போல் வெளுப்பு. ஓரம் மட்டும் லேசான செம்பு நிறம். கணவரிடம் காட்டியதும் அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். குரோம் ஒத்துக்கொள்ளவில்லை. தோல் பதனிடப் பயன்படும் ரசாயனம் அது. எங்கள் பக்கம் டேனரிகளில் வேலை செய்பவர்கள் பலருக்குக் கையில் படை, புண், நிறமாற்றம் எல்லாம் சகஜம். மற்ற ஊரில் ஒருவர் கையில் தேமல் வந்தால் டாக்டரிடம் போவார்கள். எங்கள் ஊரில் எந்தத் தோலைத் தொட்டாய் என்று கேட்பார்கள்.

மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கினோம். கணவர் உள் லைனிங்கைப் பிரித்து எடுத்துவிட்டு, குரோம் சேராத, மரப்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலை வைத்துத் தைத்தார். வெளுப்பு போகவில்லை. தோலே வேண்டாம் என்று பருத்தித் துணி வைத்தார். அப்போதும் போகவில்லை. பக்கிளை இடம் மாற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் நான் திரும்பி வந்ததும் முதல் கேள்வி, “எங்கயாவது உறுத்துதா?” என்பதுதான்.

“இல்ல. எங்கயும் உறுத்தல.”

அது உண்மை. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, உராய்வு தெரியவில்லை. ஷூ வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உறுத்தாத தோல் நல்ல தோல். என் கைக்கு அந்த இடத்தில் எதுவுமே தெரியவில்லை என்பதை நாங்கள் இருவரும் சேர்ந்து அவருடைய கைவேலையின் சிறப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு சுண்டுவிரல் பின்தங்கத் தொடங்கியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மற்ற விரல்கள் கேமராவைப் பிடித்த பிறகும் அது வந்து சேராது. பாறையில் முழங்கை பட்டால் சுருக்கென்று ஒரு வலி கைநுனிவரை ஓடும். பட்டை இறுக்கமாக இருக்கிறது, நரம்பை அழுத்துகிறது என்று கணவர் இன்னும் இரண்டு ஓட்டைகள் போட்டுத் தளர்த்தினார். ஊரில் ஒரு டாக்டரிடமும் காட்டினேன். போனை அதிகம் பார்க்கிறீர்களா என்று கேட்டு, சத்து மாத்திரை கொடுத்தார். பட்டையைப் பற்றியோ வெளுப்பைப் பற்றியோ நான் அவரிடம் சொல்லவில்லை. இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

ஒருநாள் காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உன் கையில பலூன் இருக்கு” என்றாள்.

உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே, நீளமான கொப்புளம். தோசைக்கல்லின் விளிம்பில் கை பட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் பட்டது என்று தெரியவில்லை. கருகிய வாசனையைத் தோசையின் வாசனை என்று நினைத்திருக்கிறேன்.

“வலிக்குதாம்மா?”

“இல்ல கண்ணு” என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்து கணவரைக் கூப்பிட்டேன். மறுநாள் வேலூர் போனோம்.

டாக்டர் வயதில் மூத்த பெண்மணி. தாழ்ந்த குரலில் பேசினார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் குளிர்ந்த நீருமாக இரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தோலில் வைத்து எது சுடுகிறது என்று கேட்டார். பிறகு என் முழங்கையை மடக்கி, உள்பக்கக் குழியில் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். அங்கே கயிறுபோல் ஒன்று தடித்திருந்தது. அவர் என் விரலை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினார். என் உடம்பில் அப்படி ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“இது லெப்ரசிம்மா” என்றார். நாங்கள் பேசாமல் இருந்ததால், புரியவில்லை என்று நினைத்து, “தொழுநோய்” என்றார்.

புரிந்துதான் பேசாமல் இருந்தோம்.

இது மாத்திரையில் முழுதாகக் குணமாகும் நோய், அரசு ஆஸ்பத்திரியிலேயே மருந்து இலவசம், மருந்து ஆரம்பித்துவிட்டால் பிறருக்குப் பரவாது என்று அவர் வரிசையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கணவர் இடையில் புகுந்தார்.

“டாக்டர், அந்தப் பட்டைய நான்தான் தெச்சேன். அந்தத் தோல்லேந்து வந்துச்சா?”

“தோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. இது கிருமி. வருஷக்கணக்கா உள்ள இருந்துட்டு மெதுவா வெளிய தெரியும். எங்கேந்து வந்துச்சு, யார்கிட்டேந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

கணவர் சரி என்று தலையாட்டினார். தேவைக்கு மேல் ரொம்ப நேரம் ஆட்டினார்.

அதன்பிறகுதான் டாக்டர் அந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தார். கிருமி அல்னார் நரம்பைத் (முழங்கையின் உள்பக்கமாக ஓடி, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தரும் நரம்பு) தாக்கியிருந்தது. உணர்வு போய் ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டு (நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்து மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். எவ்வளவு நாளாக என்பதை அதற்காகத்தான் கேட்டிருக்கிறார். பட்டைக்கு அடியில் எந்த மாதம் என்ன நடந்தது என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று நானாகக் கேட்டது ஒன்றுதான். “டாக்டர், குழந்தைக்கு?”

மறுநாள் பாப்பாவை அழைத்துப் போனோம். வழியெல்லாம் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொசு கடித்த தடம், விழுந்து சிராய்த்த தடம் எல்லாமே எனக்கு அதுவாகத் தெரிந்தது. டாக்டர் அவளை மேசைமேல் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தோளைத் தொட்டார்.

“கூசுது” என்றாள் பாப்பா.

முழங்கையைத் தொட்டார். கூசுது. முதுகு, வயிறு, முட்டி, பாதம். ஒவ்வொரு இடத்துக்கும் நெளிந்து, சிரித்து, கூசுது, கூசுது என்றாள். காது மடலைத் தடவினார், முழங்கை நரம்பை உருட்டினார். பிறகு என்னைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். கணவருக்கும் அவளுக்கும் முன்னெச்சரிக்கையாக ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். நோய் தெரிந்தபோது வராத அழுகை அந்த வராந்தாவில் வந்தது. பாப்பா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்டாங்களா என்று கேட்டாள்.

மருத்துவமனையில் இருந்தவரை டாக்டர் சொன்னதை எல்லாம் நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் நம்ப முடியவில்லை. யாரும் சொல்லாமலே என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தேன். துண்டையும் டம்ளரையும் பிரித்தேன். பாப்பாவைக் கணவரின் அந்தப் பக்கம் படுக்க வைத்தேன். அவள் ஏன் என்று கேட்டதற்கு அம்மாவுக்குச் சளி என்றேன். சேர்ந்து சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது என்று படித்தவள் நான். ஆனாலும் வைத்த தட்டை எடுக்க மனம் வரவில்லை.

கணவர் சில நாட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நகர்ந்து வந்து, என் தட்டிலிருந்து ஒரு வாய் பிசைந்து எடுத்துச் சாப்பிட்டார்.

“உப்பு கம்மி” என்றார்.

அன்று மாலை தட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

குழுவில் நரம்புக் கோளாறு என்று மட்டும் சொன்னோம். இம்தியாஸ் பாய் போன் செய்தார். “நரம்புதானே, பேஜாராவாதீங்க சிஸ்டர். நல்லா ரெஸ்ட் எடுங்க. வேற யார் போட்டோ எடுத்தாலும் நான் போஸ் குடுக்கறதா இல்ல” என்றார். சிரித்தேன். நரம்பு என்று சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்த மனிதர் முழுசும் தெரிந்தால் வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர் என்று ஒரு மனம் சொல்கிறது. பாப்பா பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று இன்னொரு மனம் சொல்கிறது.

மருந்து மாதம் ஓர் அட்டை. மாதத்தின் முதல் வேளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்பே சொல்லியிருந்தும் முதல் தடவை பயந்துவிட்டேன். நாட்கள் போகப்போகத் தோல் கருத்து, வறண்டது. வெயிலில் ஓடி ஓடி இப்படிக் கருத்துவிட்டாயே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்போது நான் ஓடியே மாதங்கள் ஆகியிருந்தன. ஸ்டீராய்டால் முகம் உப்பியது. எந்நேரமும் பசித்தது. மடங்கத் தொடங்கியிருந்த இரண்டு விரல்களையும் நிமிர்த்த, தூங்கும்போது ஒரு மட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தினமும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரல்களைத் தொடைமேல் வைத்து நீவ வேண்டும்.

ஒருநாள் மாலை கணவர் அறையில் சத்தமே இல்லாமல் இருக்கிறாரே என்று எட்டிப் பார்த்தேன். கேமராப் பட்டையைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டிருந்தார். உள் லைனிங்கை மட்டும் கையில் எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர்தான் சொன்னாங்களே” என்றேன்.

“தெரியும்” என்றார். லைனிங்கைத் திருப்பிப் பிடித்து, “இருந்தாலும்” என்றார்.

அவர் அதில் எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு தேடல் இருந்தது. பட்டை போடாமல் இருந்திருந்தால் வெளுப்பு முன்பே கண்ணில் பட்டிருக்கும். அல்லது கேமரா இல்லாமல் இருந்திருந்தால் விரல் பின்தங்குவதே தெரிந்திருக்காதோ? இரண்டு பக்கமும் வாதாடிப் பார்ப்பேன். எந்தப் பக்கமும் ஜெயிக்காது.

மருந்து முடிந்த மாதம் டாக்டர் மறுபடி சோதித்தார். இந்த முறை பஞ்சு இல்லை, மெல்லிய நைலான் இழைகள். ஒன்றைவிட ஒன்று தடிமனாக இருக்கும். அதன் நுனியால் தோலை அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரலில் தெரிந்தது. ஆள்காட்டி விரலில், நடுவிரலில் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் “தெரியுது” என்றேன். பிறகு ஒன்றும் இல்லை. அவர் வேறு இழை எடுக்கிறார்போல என்று காத்திருந்தேன். வெளியே யாரோ யாரையோ டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். மின்விசிறி சத்தம் கேட்டது. நான் இன்னும் காத்திருந்தேன்.

“சுண்டுவிரல எப்ப டாக்டர் பாப்பீங்க?”

“பாத்து முடிச்சிட்டேம்மா” என்றார்.

கண்ணைத் திறந்தேன். இருப்பதிலேயே தடிமனான இழை அவர் கையில் இருந்தது.

கிருமி போய்விட்டது, நோய் குணமாகிவிட்டது என்றார். வெளுப்பு மெல்ல நிறம் மாறும். விரல்கள் இதற்குமேல் மடங்காது. உணர்வு கொஞ்சம் திரும்பலாம், ஆனால் அதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. “இனிமே அந்த ஓரத்தக் கண்ணாலதான் பாத்துக்கணும்” என்றார். குணமாகிவிட்டது என்ற சொல்லையும் இதையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு மாலையும் டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்து கையைத் திருப்பிப் பார்க்கிறேன். காயம் உண்டா, சூடு பட்டதா, முள் குத்தியிருக்கிறதா. தோல் செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்கிறது. சூடான டம்ளரை இடது கையால் எடுக்கிறேன். கரண்டிக்கு நீளக் காம்பு. முன்பு எனக்கு வாரம் ஞாயிறுக்கு ஞாயிறு ஓடியது. இப்போது நாள் மாலைக்கு மாலை ஓடுகிறது. நடுவில் கைக்கு என்ன நடந்தது என்பது மாலையில்தான் எனக்குத் தெரியவருகிறது. என் உடம்பில் நடப்பதைக் கொஞ்சம் தாமதமாக, வேறு யாருக்கோ நடந்ததுபோலத் தெரிந்துகொள்கிறேன்.

சென்ற மாதம் நாங்கள் மூவரும் நாயக்கனேரிப் பக்கம் போனோம். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சரிவில் கொஞ்சம் ஓடிப் பார்த்தேன். அது நெஞ்சில் இடித்தது. இடிப்பது நன்றாகத் தெரிந்தது. அதற்காகவே இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன். வளைவில் நின்று திரும்பி, பாப்பாவும் அவரும் ஏறி வருவதை எடுத்தேன். ஆள்காட்டி விரல் பட்டனை அழுத்துகிறது. கேமராவின் அடியைத் தாங்க இடது கை வர வேண்டியிருக்கிறது. படம் கொஞ்சம் ஆடிவிட்டது.

இறங்கும்போது பாப்பா என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கு எட்டுவது சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான். நடக்கத் தொடங்கியதிலிருந்தே அவள் பிடிப்பது அந்த இரண்டு விரல்களைத்தான். நான் கல்லும் முள்ளும் பார்த்து, மண் சறுக்கும் இடத்தில் மெதுவா வா, மெதுவா வா என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கேமரா ஆடாமல் இடது கையால் பிடித்திருந்தேன்.

பின்னாலிருந்து கணவர் கேட்டார். “யாரக் கூட்டினு போற நீ?”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். திரும்பினேன். பாப்பா வெகு மேலே, வளைவின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு எறும்புப் புற்றைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். எப்போது கையை விட்டாள் என்று தெரியவில்லை. என் கை, பக்கவாட்டில் சற்று நீண்டு, விரல்கள் மடங்கி, அவளைப் பிடித்திருப்பதுபோலவே இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் பள்ளம்கூட இல்லை. கணவர் அவளைத் தூக்கிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து நான் அவளை இடது பக்கம் வரச் சொல்கிறேன். பழக்கத்தில் அவள் ஓடி வலது பக்கம்தான் வருகிறாள்.

இந்த நோயாலோ வேறு எதனாலோ விரல்களில் உணர்வு போய், அதே கையால் பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால், எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். கையின் அந்தப் பக்கத்தை நீ பிடிப்பதும் விடுவதும் அம்மாவுக்குத் தெரியாது என்று உங்கள் குழந்தையிடம் சொன்னீர்களா? எந்த வயதில், எந்த வார்த்தையில் சொன்னீர்கள்? பாப்பாவுக்கு நான்கு வயது. சொன்னால் பயந்துவிடுவாள், வளரட்டும் என்கிறார் கணவர். சொல்லாவிட்டால், கையை விட்டால் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்று நம்பிக்கொண்டு அவள் ஏதாவது ரோட்டில் விட்டுவிடுவாளே என்று எனக்குப் பயம். சொல்லிவிட்டால் அந்த இரண்டு விரல்களை அவள் இனிப் பிடிக்கவே மாட்டாளோ என்றும் பயமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகள், தெரிந்த பிறகும் அந்த விரல்களைப் பிடித்தார்களா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.